மாட்டை இளைப்பிக்கும் தீராக் கழிச்சல்

நல்ல தீனி தின்றும், ஒழுங்காக அசைபோட்டும், காய்ச்சலோ இருமலோ காணாமலும், ஒரு கறவைப் பசு நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போவதைக் குடியானவர்களிற் பலர் தம் தொழுவத்திலோ அண்டை வீட்டுத் தொழுவத்திலோ கண்டிருப்பர். இரண்டாவது அல்லது மூன்றாவது ஈற்றுக்குப் பின் சாணம் இளகுகிறது. சில நாட்களில் அது கரைத்த கூழ் போலாகிப் பீறிட்டு விழுகிறது. அதில் இரத்தமும் இராது, சளியும் இராது, மாடு முக்குவதும் இல்லை. பத்து நாள் நின்று, மறுபடியும் தொடங்குகிறது. பால் குறைகிறது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் தோலுக்கு மேல் எழுந்து தெரிகின்றன. தவிடும் பிண்ணாக்கும் கூட்டி வைத்தால் அவற்றையும் தின்றுவிட்டு மாடு முன்னிலும் மெலிகிறது. கடைசியில் தாடையின் கீழ் நீர் கோத்துத் தொங்குகிறது. உடையவர் புழு மருந்து கொடுத்துப் பார்க்கிறார்; நாட்டு மருந்தும் கொடுத்துப் பார்க்கிறார்; திருஷ்டியும் கழிக்கிறார். பிறகு கழிச்சல் நின்றிருக்கும் ஒரு வாரம் பார்த்து மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போய், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி, கிடைத்த தொகையை மடியில் முடிந்துகொண்டு வீடு திரும்புகிறார்.

வீட்டில் அந்தப் பசுவின் கிடேரிக் கன்று நிற்கிறது. அது வளர்ந்து, சினைப்பட்டு, ஈன்று, நாலைந்து வயதாகும்போது தாயைப் போலவே கழியத் தொடங்குகிறது. 'அந்த வம்சத்து வாகு அப்படி' என்று ஊரார் சொல்வர். வாகு அன்று, அது ஒரு தொற்று வியாதி. ஜோனிஸ் நோய் என்று கால்நடை வைத்தியர்கள் அதற்குப் பெயர் சொல்லுகிறார்கள். கன்று பிறந்த சில நாட்களுக்குள் தாயின் மடியிலோ தொழுவத்துத் தரையிலோ பெற்றுக்கொண்ட கிருமி, மூன்று நான்கு வருஷங்கள் அதன் குடலில் அரவமின்றி இருந்து பின்னர் வெளிப்பட்டதே அந்தக் கழிச்சல்.

இந்த வியாதியைப்பற்றி விரிவாக எழுதுவதற்குக் காரணம், இதனால் உண்டாகும் பொருள் நஷ்டம் மாத்திரமன்று. மாட்டைக் கொல்வது யார் என்ற கேள்விக்கு இதில் கிடைக்கும் விடை விசித்திரமானது. கிருமி விஷத்தைக் கக்கிக் குடலை அழிப்பதில்லை. அக்கிருமியைப் பிடிக்க வந்த உடலின் காவல் அணுக்களே கூட்டங்கூட்டமாகக் குடற்சுவரில் நெருங்கி நின்று, அதன் தொழிலைக் கெடுத்து, உண்ட தீனி உடலிற் சேராதபடி செய்துவிடுகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான். இதை விளங்கிக்கொண்டால், இந்நோய்க்கு மருந்து கொடுத்துப் பயன் இல்லை என்று வைத்தியர் சொல்வதன் நியாயமும், கன்றைக் காப்பதே வழி என்பதன் நியாயமும் தாமே விளங்கும்.

குடற்சுவரின் அமைப்பு

வளர்ந்த மாட்டின் சிறுகுடல் சுமார் 130 அடி நீளம் உள்ளது. அதன் உட்புறம் வழவழப்பான குழாய்போல் இருப்பதன்று. கம்பளியின் மயிர்போல எண்ணிறந்த நுண்ணிய விரல்கள் அதில் நெருக்கமாக எழுந்து நிற்கின்றன. தீனியின் சாரம் இவ்விரல்களின் வழியாகவே இரத்தத்தில் சேர்கிறது. இவ்விரல்களை மூடியிருக்கும் தோல் ஒரே ஒரு அணுவின் கனமே உடையது. ஒருபுறம் சாணமாகப் போகிற சரக்கும் கோடானுகோடி கிருமிகளும், மறுபுறம் இரத்தம், நடுவில் இந்த ஓரணுச் சுவர்! விரல்களின் அடியிலுள்ள குழிகளில் புதிய அணுக்கள் பிறந்து, மெல்ல மேலேறி, நுனியை அடைந்து உதிர்கின்றன. ஒரு வாரத்திற்குள் பழைய சுவர் முழுதும் போய்ப் புதுச்சுவர் வந்துவிடுகிறது. வருஷத்துக்கொரு முறை ஓலை மாற்றும் கூரையை நாம் பெரிதாகப் பேசுகிறோம்.

அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே சந்து உண்டு. செங்கற்களின் நடுவே சாந்து பூசியதுபோல் அச்சந்துகளை ஒருவகைப் புரதக் கட்டுகள் இறுக்கி வைத்திருக்கின்றன. ஆனால் சாந்து காய்ந்தபின் அசையாது. இக்கட்டுகளோ சமயத்துக்கேற்ப இறுகவும் தளரவும் வல்லவை. அவற்றைத் தளர்த்தும் உத்தரவு யாரிடமிருந்து வருகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சுவருக்கு உட்புறத்தில் காவல் இருக்கிறது. உடலின் காவல் அணுக்களிற் பெரும்பகுதி குடலை ஒட்டியே வாழ்கின்றன என்றால், அவ்விடத்தின் ஆபத்து எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம். சிறுகுடலின் சுவரில் அங்கங்கே திட்டுத் திட்டாக இவை கூடியிருப்பதை ஸ்விட்சர்லாந்து தேசத்து பேயர் என்பவர் 1677-ஆம் வருஷத்திலேயே விவரித்தார். பேயர் திட்டுகள் என்று அவற்றுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. காவல் அணுக்களிற் சில கிருமியை முழுதாக விழுங்கி அரைப்பவை. இவற்றின் தொழிலை முதலில் கண்டுகொண்டவர் ருஷ்யரான மெச்னிகாப். 1882-இல் இத்தாலியைச் சேர்ந்த மெஸ்ஸினாவில், கண்ணாடிபோல் உடலுடைய நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ஒரு முள்ளைச் செருகி வைத்து, மறுநாள் காலையில் அம்முள்ளைச் சூழ்ந்து நடமாடும் அணுக்கள் மொய்த்து நிற்பதைக் கண்டார். இதுபோன்ற ஆராய்ச்சிகளுக்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மற்றும் சில அணுக்கள் கிருமியைத் தாம் தொடாமல், இரசாயனச் செய்திகளை அனுப்பி விழுங்கணுக்களை ஏவுகின்றன. இன்னும் சில, கிருமியோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலற்றதாக்கும் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. சீம்பாலில் கன்றுக்குக் கிடைப்பது தாய் சுரந்து வைத்த இவ்வித எதிர்ப்பொருளே.

கிருமி நுழைந்த இடத்தில் இவ்வணுக்கள் கூடுவதும், அங்கே இரத்தம் பெருகிச் சிவப்பதும், நீர் கோத்து வீங்குவதும் சேர்ந்ததே அழற்சி. அழற்சியை வியாதி என்று எண்ணுவது தவறு. பெரும்பாலும் அது பரிகாரமே. கன்றுக்கழிச்சலில் வெள்ளணுக்கள் சில மணி நேரத்தில் ஓடிவந்து போர் செய்து, கிருமி ஒழிந்ததும் கலைந்து போகின்றன. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை ஊட்டிக் கன்றின் உயிரை அந்த இரண்டு மூன்று நாள் பிடித்து வைத்தால், குழிகளிற் பிறக்கும் புதிய அணுக்கள் சுவரைச் செப்பனிட்டுவிடும். குடற்புழுக்கள் விஷயத்திலும் காவல் அணுக்களின் ஏவலினால்தான் குடல் சளியை மிகுதியாகச் சுரந்து புழுவை வழுக்கித் தள்ளப் பார்க்கிறது.

நமது முன்னோர் அஞ்சிய வெக்கை நோய் இதற்கு நேர் மாறானது. கழிச்சல் என்றதும் ஒரு காலத்தில் கிராமங்கள் நடுங்கியது அதற்காகவே. அதன் நுண்கிருமி குடல் தோலின் அணுக்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை நேராகக் கொன்றது. சில தினங்களில் சுவர் உரிந்து மாடு மாண்டது. தடுப்பூசியின் பலத்தால் அந்நோய் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. வெக்கை நோயில் சுவரை இடித்தவன் பகைவன். ஜோனிஸ் நோயில் அப்படியன்று.

விழுங்கியும் அரைக்க முடியாத கிருமி

ஜோனிஸ் நோயின் கிருமி க்ஷயரோகக் கிருமியின் பங்காளி. அதைப் போலவே மெழுகு நிறைந்த தடித்த போர்வை உடையது. மிகவும் நிதானமாகப் பெருகுவது. கன்று பால் குடிக்கையில் மடியில் ஒட்டிய சாணத்தோடு இது வாய்க்குள் போகிறது. பேயர் திட்டுகளை மூடிய தோலில், குடலில் ஓடுவது இன்னதென்று மாதிரி எடுத்துக் காவல் அணுக்களிடம் கொடுப்பதற்காகவே அமைந்த சில அணுக்கள் இருக்கின்றன. கிருமி அவ்வாயில் வழியாகவே உள்ளே போகிறது. கதவை உடைக்க வேண்டிய சிரமமே அதற்கு இல்லை. உள்ளே காத்திருக்கும் விழுங்கணு உடனே அதை விழுங்குகிறது.

மற்றக் கிருமியாயின் அதோடு தீர்ந்தது. விழுங்கிய கிருமி இருக்கும் பைக்குள் அமிலமும் அரைக்கும் திராவகங்களும் வந்து சேர்ந்து அதைக் கரைத்துவிடும். ஜோனிஸ் கிருமியோ அந்தப் பை முதிராதபடி தடுத்துவிடுகிறது. திராவகம் வந்து சேருவதில்லை. தன்னைத் தின்ன வந்தவனின் வயிற்றிலேயே அது குடித்தனம் நடத்திப் பெருகுகிறது. அவ்வணு சாகும்போது வெளியே வரும் கிருமிகளை அண்டை அணுக்கள் விழுங்குகின்றன. அவற்றின் கதியும் அதுவே.

இதைக் கண்ட நிணவணுக்கள் காமா இன்டர்பெரான் என்னும் செய்திப்பொருளை வெளியிடுகின்றன. 'இன்னும் வலுவாக அரை' என்று விழுங்கணுக்களுக்கு அது இடும் கட்டளை. அக்கட்டளை பலிக்குமளவும் கிருமி அடங்கியே கிடக்கும். நோய் பல வருஷம் வெளித்தோன்றாமல் இருப்பது இதனாலேதான். சில கால்நடைகள் இந்நிலையிலேயே ஆயுளைக் கழித்துவிடுவதும் உண்டு. ஆனால் இந்தச் செய்திப்பொருளுக்கு மற்றொரு குணமும் இருக்கிறது. அமெரிக்காவில் மதாரா, ஸ்டாபோர்டு என்னும் இருவர் மனிதக் குடலணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரே படலமாக வளர்த்து, அதில் காமா இன்டர்பெரானைச் சேர்த்தபோது, சந்துகளை இறுக்கும் கட்டுகள் தளர்ந்து படலம் ஒழுகலாயிற்று என்பதை 1989-இல் காட்டினர். கிருமி ஒன்றுகூட அப்பாத்திரத்தில் இல்லை. காவலின் கட்டளையே சுவரைத் தளர்த்திவிட்டது. சில நாள் போரானால் இது நன்மையே. தளர்ந்த சந்து வழியாக நீர் பெருகிக் கிருமியைக் கழுவிச் செல்லும். வருஷக்கணக்காக நீடித்தால் என்ன ஆகும்?

ஒரு கட்டத்தில், பெரும்பாலும் கன்று ஈன்ற களைப்பிலோ தீனிக் குறைவிலோ, அடக்கி வைத்திருந்த பிடி நழுவுகிறது. உடல் எதிர்ப்பொருளைப் பெருவாரியாகச் சுரக்கத் தொடங்குகிறது. கிருமி அணுக்களின் உள்ளே ஒளிந்திருப்பதால் இரத்தத்தில் ஓடும் எதிர்ப்பொருள் அதை எட்டுவதில்லை. விழுங்கணுக்கள் மேலும் மேலும் வந்து சிறுகுடலின் கடைப்பகுதியில் நிரம்புகின்றன. மெல்லிய விரல்கள் குட்டையாகிப் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டி மழுங்குகின்றன. இறந்த மாட்டை அறுத்துப் பார்த்தவர்கள் அக்குடலை மறப்பதில்லை. கைக்குக் கனமாக, ரப்பர் போல் தடித்து, உட்புறம் மூளையின் மடிப்புகளைப்போல் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். இழுத்துப் பிடித்தாலும் அச்சுருக்கம் விரியாது. புண்ணோ ஓட்டையோ அதில் இராது. சுவர் இடியவில்லை, தடித்துவிட்டது. தடித்ததனால் சாரம் உள்ளே செல்வதில்லை. தளர்ந்த சந்துகள் வழியாக இரத்தத்தின் புரதமோ வெளியே கசிகிறது. புரதம் குறைந்த இரத்தம் நீரைப் பிடித்து வைக்க மாட்டாது. அந்நீர் தாழ்ந்த இடமான தாடைக்கடியில் கோக்கிறது. பசியும் தீனியும் குறையாதிருந்தும் மாடு பட்டினியால் சாவது இவ்வாறே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. தாடை வீக்கம் கண்ட மாத்திரத்தில் ஜோனிஸ் நோய் என்று முடிவு கட்டலாகாது. ஈரலில் வாழும் தட்டைப்புழுவும், ஆட்டின் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் புழுவும் அதே வீக்கத்தை உண்டாக்கும். அவற்றுக்கு நல்ல மருந்து உண்டு. கண் இமையைக் கவிழ்த்துப் பார்த்து வெளுத்திருந்தால் முதலில் புழுவையே சந்தேகிக்க வேண்டும். வெள்ளாட்டிலும் செம்மறியிலும் ஜோனிஸ் நோய் கழிச்சலே இன்றியும் வருகிறது. புழுக்கை புழுக்கையாகவே இருக்க, ஆடு மட்டும் இளைத்து மடிவதால், மேய்ப்போர் அதை இன்னதென்று அறிவதேயில்லை.

நோயைக் கண்டறிந்த வரலாறு

1894-ஆம் வருஷத்து வசந்த காலத்தில் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பகுதியில் ஒரு குடியானவர் ஒரு பசுவை வாங்கினார். அது பாலும் கறக்கவில்லை, தசையும் பிடிக்கவில்லை. க்ஷயரோகத்தைக் காட்டும் ட்யூபர்குலின் ஊசியும் அதில் பலன் காட்டவில்லை. பசு இறந்தபின் அதன் குடல் டிரெஸ்டன் நகரத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே ஜோனே என்ற பேராசிரியரும், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பிராத்திங்காமும் தடித்த குடற்சுவருக்குள் க்ஷயக் கிருமியைப்போலச் சாயம் ஏற்கும் கிருமிகள் நிறைந்திருப்பதைக் கண்டு 1895-இல் எழுதினர். க்ஷயத்தின் விசித்திரமான ஒரு வகை என்றே அவர்கள் எண்ணினர். அது க்ஷயமன்று, வேறு நோய் என்று 1906-இல் டென்மார்க்கு தேசத்து பாங் தெளிவுபடுத்தினார். மறு வருஷம் இங்கிலாந்தில் மக்பேடியன் அதற்கு ஜோனேயின் பெயரைச் சூட்டினார். கிருமியைத் தனியே வளர்ப்பது வெகு நாள் முடியாமலிருந்தது. அதன் உறவான வேறொரு கிருமியின் சாரத்தை ஊட்டத்தோடு சேர்த்தாலொழிய அது வளராது என்பதைத் துவார்ட்டும் இங்கிராமும் கண்டு 1912-இல் வெளியிட்டனர். இன்றும் சாணத்திலிருந்து இக்கிருமியை வளர்த்தெடுக்கப் பல வாரங்கள், சில சமயம் மாதங்களும், ஆகின்றன.

காவல் அணுக்கள்தாம் கேடு செய்கின்றன என்றால், அவற்றை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. மனிதருக்குக் குடலின் அதே பகுதியில் வருகிற நாட்பட்ட அழற்சி ஒன்று உண்டு. 1932-இல் அதை விவரித்த அமெரிக்க வைத்தியரின் பெயரால் அதை கிரோன் நோய் என்பர். அதற்கு முன்னரே, 1913-இல், கிளாஸ்கோ நகரத்து வைத்தியரான டால்ஸியேல் தாம் அறுவை செய்த சில நோயாளிகளின் குடல், ஜோனிஸ் நோய் கண்ட மாட்டின் குடலை ஒத்திருக்கிறதென்று எழுதியிருந்தார். மாட்டின் கிருமியே மனிதநோய்க்குக் காரணம் என்பது நெடுநாள் வழக்காடப்பட்டும் நிரூபணமாகவில்லை. எனினும் பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நமது வழக்கம் நல்ல வழக்கமே. அதைக் கைவிட வேண்டியதில்லை. அம்மனித நோயில், காவல் அணுக்கள் அனுப்பும் டி.என்.எப். என்ற செய்திப்பொருளைத் தடுக்கும் ஊசிமருந்து ஒன்று அமெரிக்காவில் 1998-இல் அங்கீகாரம் பெற்றது. செய்தி நின்றதும் பலருக்குக் குடற்புண் ஆறிச் சுவர் மறுபடியும் சீர்ப்பட்டது. ஆனால் அம்மருந்தை ஏற்றுக்கொண்டவர்களிற் சிலருக்கு, பல வருஷங்களுக்கு முன் அடங்கிப்போயிருந்த க்ஷயரோகம் விழித்துக்கொண்டது. அதனால் முதலில் க்ஷயம் ஒளிந்திருக்கிறதா என்று சோதித்த பின்னரே அதைக் கொடுக்கிறார்கள். காவலைக் கலைத்தால் சிறையிலிருந்த கள்வனும் வெளிவருவான்.

மாட்டின் கதை அதைவிடச் சிக்கலானது. அங்கே கிருமி பெருவாரியாக உயிரோடு உள்ளே இருக்கிறது. அழற்சியை அடக்கும் மருந்தினால் நாலு நாள் கழிச்சல் நின்றாலும் கிருமிக்குத்தான் இலாபம். கிருமியைக் கொல்லும் மருந்துகளோ மாதக்கணக்கில் கொடுத்தாலும் முற்றும் ஒழிப்பதில்லை. செலவும் மாட்டின் விலையைத் தாண்டும். உடல் தானே தன் காவலை அளவோடு நிறுத்தும் சாதனம் ஒன்றை வைத்திருக்கிறது. போதும் என்று சொல்லும் செய்திப்பொருள்கள் அவை. அவற்றுள் ஒன்றைச் சுரக்க முடியாதபடி செய்த எலிகளுக்கு, வேறு நோய் ஒன்றும் இன்றியே குடல் அழற்சி தோன்றியதை ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 1993-இல் கண்டனர். போதும் என்பது மிகுந்தால் கிருமி வளரும். குறைந்தால் குடல் கெடும். இந்தத் தராசை மாட்டின் உடலில் வெளியிலிருந்து நிறுத்தத்தக்க மருந்து கிடையாது. ஆகையால் நோய் முற்றிய மாட்டுக்குச் செலவழிக்கும் பணத்தைக் கன்றைக் காப்பதில் செலவழிப்பதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

கன்றைக் காத்தல்

வளர்ந்த மாட்டுக்கு இந்நோய் எளிதில் தொற்றுவதில்லை. பிறந்த சில மாதங்களே ஆபத்தான பருவம். நோய் முற்றிய பசுவின் ஒரு கிராம் சாணத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கிருமிகள் இருக்கலாம். பாலிலும் சீம்பாலிலும் கிருமி வருகிறது. முற்றிய நிலையில் வயிற்றிலுள்ள கன்றுக்கும் சேர்ந்துவிடுவதுண்டு. நோய் வெளிப்பட்ட ஒரு மாட்டுக்குப் பின்னால், பார்வைக்குச் சுகமாக உள்ள பதினைந்து முதல் இருபத்தைந்து மாடுகள் வரை கிருமியைத் தாங்கி நிற்கும் என்று மேல்நாட்டுப் பெரும் பண்ணைகளில் கணக்கிட்டிருக்கிறார்கள். நமது இரண்டு மூன்று மாட்டுத் தொழுவத்துக்கு அக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ஊர் மாடுகள் எல்லாம் ஒரே மந்தையாய் மேய்ந்து ஒரே குட்டையில் நீர் குடிக்கும் கிராமத்தை ஒரு பண்ணையாகவே கொள்ள வேண்டும்.

ஈனும் பசுவை, கழியும் மாடு நின்ற இடத்தில் ஈனவிடலாகாது. உலர்ந்த வைக்கோல் பரப்பிய புது இடமே வேண்டும். கன்று எழுந்து மடியைத் தேடுமுன் மடியையும் தொடைகளையும் வெந்நீரால் கழுவித் துடைக்க வேண்டும். கழிச்சலோ காரணமற்ற மெலிவோ உள்ள பசுவின் கன்றை உடனே பிரித்து, நல்ல பசுவின் சீம்பாலைக் கறந்து ஊட்டுவது உத்தமம். சீம்பாலே கொடுக்காமல் விடுவது மட்டும் ஒருக்காலும் கூடாது. ஒரு நோய்க்கு அஞ்சிப் பத்து நோய்க்கு வாயிலைத் திறந்துவிட்டதாகும். கன்றுக்குத் தனித் தொட்டி, தனித் தீனிக்கூடை, சாணம் தெறிக்காத உயரத்தில் இருக்க வேண்டும். நமது பெண்மக்கள் சாணம் கரைத்துத் தரை மெழுகும் வழக்கத்தையும் இங்கே சொல்லாமலிருக்க முடியாது. மெழுகட்டும், ஆனால் இளைத்துக் கழியும் மாட்டின் சாணத்தால் கன்று கட்டும் தரையை மெழுகுவது கன்றின் வாயில் கிருமியைத் தடவுவதற்குச் சமானம்.

இக்கிருமி உடலுக்கு வெளியே பெருகுவதில்லை. ஆனால் நெடுநாள் பிழைத்திருக்கும். ஆஸ்திரேலியாவில் விட்டிங்டன் முதலியோர் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டபடி, முழு நிழலில் உலர்ந்து கிடந்த சாணத்தில் 55 வாரம் வரை இருந்தது; வெயில் படும் இடத்தில் அதைவிட வெகு சீக்கிரம் அழிந்தது. பகற்சூடும் இராக்குளிரும் மாறிமாறித் தாக்குவதே கிருமிக்கு ஆகாதது என்று அவர்கள் கருதினர். நமது வெயில் இவ்விஷயத்தில் ஒரு பெருஞ்செல்வம். கூரையடியில் இருண்டு ஈரித்த மூலைகளே பயப்பட வேண்டிய இடங்கள். அவற்றைச் சுரண்டிக் கழுவி, கிரெசால் சேர்ந்த கிருமிநாசினி தெளித்துக் காயவிட வேண்டும். சாணத்தைக் குழியில் சேர்த்து நன்றாகச் சூடேறி மக்கவிட்டால், 55 பாகைச் சூட்டைத் தாண்டியபின் கிருமி சில நாட்களுக்கு மேல் தாங்காது. பச்சைச் சாணத்தைப் பசும்புல் நிலத்தில் போட்டு அப்புல்லைக் கன்றுக்கு அறுத்துப் போடுவதை மாத்திரம் விட்டொழிக்க வேண்டும்.

விலைக்கு வாங்கும் விஷயத்தில் ஐஸ்லாந்து தீவின் அனுபவம் கேட்கத்தக்கது. அத்தீவினர் தம் செம்மறி இனத்தை மேம்படுத்த எண்ணி 1933-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து 20 காராகுல் ஆடுகளைத் தருவித்தனர். ஆடுகளுக்கு வைத்தியச் சான்று இருந்தது. இரண்டு மாதம் தனியே ஒதுக்கி வைத்தும் பார்த்தனர். ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு பல பண்ணைகளுக்கும் பங்கிட்டனர். சில வருஷங்களுக்குள் அத்தீவு முன் அறியாத நுரையீரல் நோய்களும், 1938-இல் ஜோனிஸ் நோயும் தலைகாட்டின. நுரையீரல் நோய்களை ஒழிக்க லட்சக்கணக்கான ஆடுகளை வெட்டிச் சாய்க்க நேர்ந்தது; அவை ஒழிந்தன. குடல் நோய் ஒழியவில்லை. அங்கே பியோன் சிகுர்ட்ஸன் என்னும் அறிஞர் தடுப்பூசி தயாரித்துப் பரீட்சித்தார். 1966 முதல் நோயுள்ள பகுதிகளில் ஊசி போடுவது சட்டமாயிற்று. வருஷக்கணக்கில் உள்ளே ஊறி மெல்ல வெளிப்படும் தொற்றுகளை 'மந்தத் தொற்றுகள்' என்று தனி வகுப்பாக அவர் 1954-இல் லண்டனில் பேசியதும் இந்த அனுபவத்தினாலேதான். இரண்டு மாத ஒதுக்கமும் நாலு வருஷம் உறங்கும் நோயைக் காட்டாது. ஆகையால் மாடு வாங்குவோர், மாட்டைப் பார்ப்பதோடு அது வந்த தொழுவத்தையும் பார்க்க வேண்டும். அங்கே இளைத்து நிற்கும் மாடு உண்டா, அதன் தாய் எப்படி மாண்டது என்று அண்டை அயலாரை விசாரிக்க வேண்டும். தரகர் இதைச் சொல்ல மாட்டார்.

தடுப்பூசி 1926-இலேயே பிரான்ஸில் வல்லே, ரின்ஜார்டு என்போரால் முதலில் பயன்படுத்தப்பட்டது. நமது தேசத்தில் மதுரா ஜில்லாவைச் சேர்ந்த மக்தூமிலுள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையத்தார், இந்நாட்டு வெள்ளாட்டிலிருந்து எடுத்த கிருமியைக் கொண்டே ஒரு தடுப்பூசியைத் தயாரித்திருக்கின்றனர். ஊசியினால் தொற்று அடியோடு நிற்பதில்லை. நோய் வெளிப்படுவதும் சாணத்தில் கிருமி போவதும் குறைகின்றன. காவல் அணுக்களை முன்கூட்டியே பழக்கி வைப்பதே அதன் தொழில். ஊசி போட்ட மாட்டில் பின்னர் க்ஷயரோகச் சோதனை குழப்பம் தரக்கூடும் என்பதால், வைத்தியரைக் கலந்தே போட வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. இந்நோய் கண்டதென்று ஒரு குடியானவர் சொல்ல அஞ்சுவது, சொன்னால் தம் பாலை ஒருவரும் வாங்கார், மாட்டைச் சந்தையில் ஏறெடுத்தும் பாரார் என்பதனால்தான். அவ்வச்சம் வீணன்று. அதனாலேயே நோயுள்ள மாடு ஒவ்வொரு சந்தையாக ஊர் மாறிப் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவர் தாமாகச் சொன்னால் அவரை ஊர்நடுவில் நிறுத்திப் பேசாமல், அவர் மாட்டை மந்தையினின்று பிரித்துத் தனி மேய்ச்சலும் தனித் தண்ணீரும் கிடைக்க ஏற்பாடு செய்வதும், கால்நடை மருந்தகத்துக்குச் செய்தி அனுப்புவதும் அதிகாரிகளால் ஆகக்கூடியவை.

சோதனைக்குச் சாணம் அனுப்புவோர், தரையில் விழுந்ததை எடுக்கலாகாது. புதிய உறையைக் கையில் மாட்டி மலவாயிலிருந்தே ஒரு எலுமிச்சங்காய் அளவு எடுத்து, வாய் அகன்ற சுத்தமான புட்டியில் இட்டு இறுக மூடி, மாட்டின் அடையாளம், வயது, ஈற்று எண்ணிக்கை, கழிச்சல் தொடங்கிய மாதம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டி, பனிக்கட்டி இட்ட பெட்டியில் வைத்து அன்றே மருந்தகத்திற் சேர்க்க வேண்டும். கிருமி விட்டு விட்டே சாணத்தில் வருவதால், ஒரு முறை இல்லை என்று பதில் வந்ததைக் கொண்டு நிம்மதி அடையாமல், ஆறு மாதம் கழித்து மறுபடியும் அனுப்பவும். இரத்தச் சோதனைக்கு வைத்தியரே வந்து இரத்தம் எடுப்பார். அதே தொழுவத்தில் இரண்டு வயதைக் கடந்த மாடுகள் எத்தனை உண்டோ அத்தனைக்கும் அன்றே எடுத்துக்கொள்ளும்படி அவரைக் கேட்டுக்கொள்ளலாம்.